நைட்டி கேட்டால் தராத கடை

என் அம்மா கோபித்துக்கொண்டு வெளியேறிய கடை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். மற்ற கடைகளில் எல்லாம் கடைக்காரர்தான் அம்மாவிடம் கோபித்துக்கொள்வார். முகத்துவாரக்குப்பத்தில் கரைக்கு வரும் மீனை எடுத்துப்போய்த் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்கிறவர் அம்மா. பேரம் என்று இறங்கிவிட்டால் எதிரே நிற்பவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் விம்கோ நகரில் ஒரு நைட்டிக் கடைக்குப் போய், கையில் பணம் இருந்தும் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“கட வெச்சுகினு துணி தரமாட்டேன்னுது அந்தம்மா. நான் போட்டுகினு போன நைட்டிய தோள்ல புடிச்சி இஸ்துப் பாத்துட்டு, இது இன்னும் ஒரு வருசம் ஓடும், போயிட்டு அப்பால வான்னுது. இன்னா திமிரு பாரேன்” என்றார்.

அம்மா சொன்ன அந்தம்மாவிடம்தான் பிறகு நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, பில் போடவும் போன் பேசவும் ஆள் வேண்டும் என்று கடை வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். விற்காத கடையில் என்ன பில் போடப்போகிறாய் என்று அம்மா சிரித்தார். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கும் அதே சந்தேகம் வந்தது.

எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவருக்குப் பெயர் இருந்தது, அவர் தைத்த நைட்டிகளின் கழுத்துக்குப் பின்னால் பிராண்டுப் பெயரும் இருந்தது. இரண்டையும் இங்கே எழுதினால் ஏன் எழுதினாய் என்று சண்டைக்கு வருவார். எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று வருவார். அதனால் சும்மா அக்கா என்றே இருக்கட்டும். நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வீட்டுக்காரர் ராயபுரத்தில் மளிகை மொத்தக்கடை வைத்திருந்தார். வீட்டின் கீழ்த்தளத்தில் முன்னறை கடை, பின்னால் இருந்த பெரிய கூடத்தில் தையல் மிஷின்கள். அங்கே ஏழு பெண்கள் வேலை பார்த்தார்கள். சென்னைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அக்காவின் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது.

கடைக்கு யார் வந்தாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, “பழசு எங்கட்டி?”

புதிதாக வருபவர்களுக்குக் கேள்வியே புரியாது. புது நைட்டி வாங்க வந்தால் பழசை எதற்குக் கேட்கிறார் என்று முழிப்பார்கள். கிழிந்துவிட்டது என்றால் கொண்டுவந்து காட்டச் சொல்வார். கொண்டுவந்தால் அதைக் கூடத்துக்கு அனுப்பித் தைத்துக் கொடுத்து, சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைப்பார். யாருக்காவது கொடுத்துவிட்டேன் என்றால் யாருக்கு என்று கேட்பார். அந்த ஆள் பக்கத்துத் தெருவாக இருந்தால் சாயங்காலம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பழசு உண்மையிலேயே போய்விட்டது என்று மனசுக்குப் பட்டால்தான் அலமாரியைத் திறப்பார். அப்போதும் இரண்டு கேட்டால் ஒன்றுதான் கிடைக்கும்.

ஒருதடவை பொறுக்க முடியாமல் கேட்டேன். “வித்தாச்சு, துட்டு வாங்கியாச்சு, அப்பால அது அவுங்க துணி. நம்மளுக்கு இன்னாக்கா?”

“பொண்ணக் கட்டிக் குடுத்துட்டா எட்டிப் பாக்க மாட்டமா?” என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் பேச இடமில்லை.

எட்டிப் பார்ப்பது என்றால் சும்மா இல்லை. எங்கள் பக்கத்தில் நைட்டி என்பது வீட்டுக்குள் போடும் துணி மட்டுமல்ல. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் ரேஷன் கடை, பால் பூத், பள்ளிக்கூட வாசல், போலீஸ் ஸ்டேஷன் எங்கேயும் போகலாம். ஆகவே அக்கா தெருவில் இறங்கினால் எதிரே வருவதில் பாதி அவர் கையால் வெட்டிய துணியாகத்தான் இருக்கும். நடுத்தெருவில் நிறுத்தி, குனிந்து, கீழ் மடிப்பைத் தூக்கிப் பார்ப்பார். பித்தான் போயிருந்தால் கைப்பையிலிருந்து ஊசி வந்துவிடும். அந்தப் பையில் வேதாகமமும் நூற்கண்டும் எப்போதும் சேர்ந்தே கிடக்கும். அக்கா வருவது தெரிந்தால் பெண்கள் துண்டை இழுத்து மூடிக்கொண்டு சந்துக்குள் நுழைந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

தப்பிக்கவே முடியாதவள் டீக்கடை தனம். எதிர்வீடு. மொட்டைமாடிக் கொடியில் அவள் என்ன காயப்போட்டாலும் எங்கள் கல்லாவிலிருந்து தெரியும். வெயிலில் நைட்டியை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் சாயம் வெளுக்கும் என்பது அக்காவின் சட்டம். தனம் திருப்ப மாட்டாள். அக்கா ரோட்டைக் கடந்து, மாடிப்படி ஏறி, தானே திருப்பிப் போட்டுவிட்டு வருவார்.

“என் வூட்டு மாடி, என் கொடி, நான் துட்டு குட்த்து வாங்கின நைட்டி. ஒனக்கு இன்னாமே வந்துச்சு?” என்று தனம் கீழேயிருந்து கத்துவாள்.

“வெளுத்துப் போனா எம் பேருல்லா கெட்டுப்போவும்” என்று அக்கா மேலேயிருந்து சொல்வார்.

இந்தச் சண்டை வாரத்துக்கு இரண்டு முறை நடக்கும். டீ குடிக்க வருகிற லாரிக்காரர்கள் இதற்காகவே நின்று பார்ப்பார்கள்.

எனக்கு அக்காவின் இந்தக் குணம் சிரிப்பாகவும் இருக்கும், சில சமயம் பயமாகவும் இருக்கும். ஒரு இழவு வீட்டுக்கு நானும் அவரும் சேர்ந்து போனோம். இறந்தவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். அக்கா உட்கார்ந்து நெஞ்சாரத்தான் அழுதார். அழுதுகொண்டே இருந்தவரின் கண், பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்த மகளின் கைமடிப்பில் போய் நின்றது. அங்கே தையல் விட்டிருந்தது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவர் பையைத் திறந்து ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார். கண்ணீரில் ஊசிக் காது தெரியவில்லையாம். கோத்துக் கொடுத்தேன். பாட்டு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம், அந்தப் பெண்ணின் உடம்பிலேயே வைத்துத் தைத்து முடித்தார்.

ரொம்ப நாள் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தபோது, அன்றைக்கு நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், “இன்னாத்துக்கு? அன்னிக்கு ஆளாளுக்கு வந்து கட்டிப்புடிச்சி கதற வுட்டாங்க. அக்கா தச்சுகினு இருந்தப்பதான் கொஞ்ச நேரம் கம்முனு குந்திகினு இருந்தேன். நவுந்தா ஊசி குத்தும்ல” என்றாள்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

குணம் நல்ல குணம்தான். ஆனால் அதை வைத்து வியாபாரம் நடக்குமா? ஹைரோட்டில் டெம்போவில் குவித்து, மைக் கட்டி, மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நைட்டி விற்க ஆரம்பித்தார்கள். நாலு தடவை துவைத்தால் கொசுவலை ஆகிவிடும் துணி. ஆனால் அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் அலமாரி நிரம்பியே இருந்தது. கூடத்தில் மிஷின்கள் மத்தியானத்தோடு நின்றுபோயின. “ஊர்ல எல்லாவனும் விக்க முடியாமக் கடைய மூடுதான். இவ ஒருத்திதான் விக்க மனசில்லாம மூடப்போறா” என்றார் அக்காவின் வீட்டுக்காரர். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடப்பது எங்களுக்கும் தெரிந்தது. ஏழு பேரில் பாதிப் பேருக்கு வீட்டில் அந்தச் சம்பளம்தான் சோறு. மூத்தவர் பேபியம்மாவின் புருஷன் படகிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். மத்தியானம் மிஷின் நின்ற பிறகும் அவர் வீட்டுக்குப் போகாமல் மிஷினைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து போன் வந்தது. நான் லீவு போட்டிருந்த ஒருநாள், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஏதோ வேலையாக வந்த ஒரு பெண், திரும்பும் வழியில் மழையில் தொப்பலாக நனைந்து எங்கள் கடைக்குள் ஒதுங்கியிருக்கிறார். மாற்றிக்கொள்ள ஒரு நைட்டி கேட்டிருக்கிறார். அக்கா வழக்கம்போல் பழசு எங்கே என்று கேட்டிருக்கிறார். இங்கே எல்லோருக்கும் கோபம் வரும் அந்தக் கேள்வி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அவருடைய தோழி, மண்ணுக்கும் மனிதர்களுக்கும் கெடுதல் செய்யாத துணிகளை மட்டும் தேடிப்பிடித்து இணையத்தில் விற்கிற கம்பெனி நடத்துகிறவர். அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் நேரில் வந்து எங்கள் பிராண்டை ஆராய்ந்து, ஐந்து இலைக்கு எத்தனை இலை என்று மதிப்பெண் போடுவார். தேறினால் மாதாமாதம் ஆர்டர். ஏழு மிஷினும் நிற்க வேண்டியதில்லை.

வருகிறவர் முதலில் போனில் பேசினார். கோயம்புத்தூர்ப் பையன். “முடிஞ்சா ஒரு சில வாடிக்கையாளர்களையும் பார்க்கணும்ங்க. துணி எவ்வளவு நாள் உழைக்குதுன்னு அவங்க வாயால கேட்டா நல்லாருக்கும்ங்க” என்றார்.

போனை வைத்ததும் அக்கா என்னிடம், “எல்லார்ட்டயும் சொல்லிரு. நம்ம நைட்டியில எது ஆகப் பழசோ அதப் போட்டுட்டு வரச் சொல்லு. எல்லாத்துலயும் பழசுக்குப் புதுசு ஒண்ணு இனாம்” என்றார்.

“ஒரு சிலர்னுதான் சொன்னாருக்கா. நாலு பேரு வந்தா போதும்.”

“நாலு பேரக் கூப்பிட்டா மத்தவ மூஞ்சில எப்படி முழிக்க? அவ கேக்க மாட்டாளா, எனக்கு ஏன் சொல்லலன்னு?”

அதுவும் நியாயம்தான். எங்கள் பக்கத்தில் ஒருத்தியைக் கூப்பிட்டு இன்னொருத்தியை விட்டால் அது ஜென்மப் பகை. வாட்ஸாப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். இனாம் என்ற சொல் எண்ணூர் வரைக்கும் போனது.

அடுத்த சில நாட்கள் திருவொற்றியூரில் நைட்டிகள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. ஆகப் பழசுக்குத்தான் பரிசு என்றதும் ஒவ்வொருத்தியும் தன்னுடையதைப் பழசாக்க ஆரம்பித்தாள். ஒருத்தி சோடா உப்புப் போட்டு வேகவைத்தாள். ஒருத்தி துவைக்கிற கல்லில் தேய்த்தே விளிம்பை நாராக்கினாள். என் சொந்த அம்மா, மாமாவின் படகு இன்ஜின் புகை வரும் இடத்தில் அக்காவிடம் ஒருவழியாக வாங்கியிருந்த நைட்டியைக் கட்டிவைத்துப் பழுக்க வைத்தார். “நீ அங்க வேல செய்றல்ல, நம்மளுதுக்கே குட்த்துடச் சொல்லு” என்று எனக்குச் சிபாரிசு வேறு.

அந்த நாளும் வந்தது. மெட்ரோவில் வந்து இறங்கிய கோயம்புத்தூர்த் தம்பியை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர நான் போனேன். மெலிந்த பையன், கசங்கிய பருத்திச் சட்டை, தோளில் துணிப்பை. அன்றைக்கென்று காற்று வடக்கேயிருந்து அடித்தது, ஆலை வாடை மூக்கைப் பிடுங்கியது. “இது உங்க யூனிட்ல இருந்தாங்க வருது?” என்று பயந்துபோய்க் கேட்டார். இது ஊருக்கே பொது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தெருமுனை திரும்பினேன்.

தெரு அடைத்துக் கிடந்தது. எங்கள் கேட்டுக்கு முன்னால் நூறு பெண்களாவது இருப்பார்கள். எல்லோரும் கந்தல் நைட்டி. யார் நைட்டி பழசு என்று ஒருத்தியை ஒருத்தி தோளைப் பிடித்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு கேட்டின் முன்னால் இருபது பெண்கள் சேர்ந்து நின்றாலே அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். தம்பியின் கால் நின்றுவிட்டது.

“என்னங்க போராட்டம்? எந்த ஃபேக்டரிங்க?”

“நம்மளுதுதான் சார்” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அந்த ஒரே அர்த்தம் மற்றவர்களுக்கும் எட்டியிருந்தது. எனக்கு முன்னாலேயே போலீஸ் ஜீப் வந்து நின்றிருந்தது. அதற்கும் முன்னால் வட்டச் செயலாளர் வந்துவிட்டார். ஆட்டோவில் மைக் செட், பின்னால் நாலு பேர். எதற்குக் கூட்டம் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டுப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

“கந்தல் உடுத்தி வீதிக்கு வந்திருக்கும் என் தாய்மார்களே” என்று ஆரம்பித்தார். “உங்கள் உடையைப் பார்த்தாலே உங்கள் உழைப்பை யார் உறிஞ்சியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.”

இதெல்லாம் எதுவும் அக்காவின் காதில் விழவில்லை. அவர் கேட்டுக்கு உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாக வரவழைத்துத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். “இது போன ஆடியில வாங்குனது. கல்லுல தேச்சுருக்க. போ அங்கிட்டு.” அடுத்தவள். “இது வேகவச்சது.” அடுத்து என் அம்மா. அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏக்கா, இது டீசல்லா” என்றார். அம்மா என்னைப் பார்த்து முறைத்தார், நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்பதுபோல.

பெண் போலீஸ் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். “இன்னாம்மா நடக்குது இங்க? யாரக் கேட்டுக் கூட்டம் போட்டீங்க?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “வாங்க மேடம். அந்த ஊதாப்பூ போட்டது எப்படி இருக்கு? ஜிப் சரியா ஏறுதா?”

போலீஸ்காரரின் குரல் தானாக இறங்கியது. “ஏறுதுக்கா. பாதியில கொஞ்சம் மாட்டுது” என்றார். மெழுகுவத்தியைத் தேய்க்கச் சொன்னார் அக்கா. அதற்குப் பிறகு அந்தப் போலீஸ்காரர் வரிசையை ஒழுங்கு செய்யும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

வெளியே வட்டச் செயலாளர் பாதிக்கப்பட்ட சகோதரி யாராவது பேச வேண்டும் என்று கேட்டார். தனம் ஒரே எட்டில் போய் மைக்கைப் பிடுங்கினாள். தம்பி போனை எடுத்துப் பதிவுசெய்ய ஆரம்பித்துவிட்டார். பெங்களூர் வேலை அதோடு போயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன். பேபியம்மா உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் சொல்றேன் கேட்டுக்கோங்க” என்றாள் தனம். “இத்தினி வருசத்துல இந்தம்மா எனக்குக் குட்த்தது ரெண்டே நைட்டி. போன தீவாளிக்குக் கேட்டேன், கெடயாதுன்னுச்சு. அதுக்கு மொத தீவாளிக்குக் கேட்டேன், இருக்கறது நல்லாதானே கீதுன்னுச்சு. நானும் கெயியட்டும் கெயியட்டும்னு கல்லுல அடிச்சிப் பாத்துட்டேன், கெயியவே மாட்டேன்னுது. இன்னா நூலு போட்டுத் தச்சாங்களோ, பேஜாரு. என் கொடியில இன்னா தொங்குதுன்னு என்ன விட இதுக்குத்தான் தெரியும். இத்த யாரும் கேக்க மாட்டீங்களா?”

கூட்டம் கைதட்டியது. எல்லோருக்கும் அதே குறைதான். வட்டச் செயலாளர் குழம்பிப்போய்க் குனிந்து, “அப்போ கோரிக்கை இன்னாம்மா?” என்று கேட்டார்.

“புது நைட்டி.”

அவர் அனுபவசாலி. நிமிர்ந்து, புது நைட்டி கேட்டுப் போராடும் தாய்மார்களுக்குத் தன் கட்சி என்றும் துணை நிற்கும் என்று அறிவித்துவிட்டு, ஆட்டோ ஏறிப் போய்விட்டார். இனாம் நைட்டி நெட்டுக்குப்பத்து மரியாள் பாட்டிக்குக் கிடைத்தது. பழசைக் கழற்ற மாட்டேன், இதுதான் உடம்புக்குப் பழகிவிட்டது என்று பாட்டி அடம் பிடித்துவிட்டதால் புதுசு அவர் மருமகளுக்குப் போனது.

கூட்டம் கலைந்த பிறகு தம்பி உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் நினைத்து நினைத்துச் சிரித்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். கக்கூஸைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஏழு பேரிடமும் எங்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசினார். வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுத்துணி எங்கே போகிறது என்று கேட்டார். இன்ஜின் துடைக்க என்று படகுக்காரர்கள் வந்து வாங்கிப்போவார்கள் என்றார் அக்கா.

“சாயம் போட்ட தண்ணி எங்கீங்க போகுது?”

“தெரியாதுய்யா. துணி ஈரோட்லருந்து வருது. நானும் கேட்டேன், அவன் போன வச்சுட்டான்” என்றார் அக்கா. தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு இலை அங்கே போனது. பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுப்பதற்கு இன்னொன்று. மூன்று இலை தேறியது. மூன்று இருந்தாலே போதும் என்று தம்பி சொன்னபோது கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கிளம்பும்போது தம்பி தன் அம்மாவுக்கு ஒரு நைட்டி வேண்டும் என்றார்.

“அம்மாட்ட இருக்கது எப்படிக் கெடக்கு?” என்றார் அக்கா.

தம்பி சிரித்துக்கொண்டே அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டார். பீரோவில் ஒன்பது இருக்கிறது, மடிப்புக் கலையாமல் நாலு இருக்கிறது, இருக்கிற துணி போதாதென்று நீ வேறு வாங்கிவராதே என்று அந்த அம்மா சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அக்கா எடுத்த நைட்டியை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார்.

தம்பியின் சிரிப்பு நின்றது. திரும்ப உட்கார்ந்தார். “அக்கா, இதுதாங்க சிக்கல். எங்க சைட்ல யார் ஆர்டர் போட்டாலும் நீங்க அனுப்பியே ஆகணும்ங்க. ஏன் எதுக்குன்னு கேட்கக் கூடாதுங்க. அதுக்குக் கையெழுத்துப் போடணும்ங்க.”

“பழசு என்ன ஆச்சுன்னு தெரியாமலா?”

“அது அவங்க இஷ்டம்ங்க.”

“இதுக்குத்தானய்யா மழையில வந்த பிள்ள என்னப் பிடிச்சுருக்குன்னு சொல்லிச்சு. இப்பம் அதயே கேக்காதங்கியளா?”

தம்பி பையிலிருந்து படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். பாவம், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். அக்கா திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். ஏழு பேரும் அவரைப் பார்க்காத மாதிரி கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேபியம்மா மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எங்கய்யா போடணும்?” என்று அக்கா பேனாவை வாங்கினார்.

ஆர்டர் வந்தது. சொன்னபடி மாதாமாதம் வந்தது. மிஷின்கள் சாயங்காலம் வரை ஓடின. நான் பெட்டி பெட்டியாகப் பெயர் ஒட்டினேன். ஒரே வீட்டுக்கு ஆறு நைட்டி போகும். ஆறா என்று அக்காவின் உதடு அசையும், சத்தம் வராது. அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது இன்னொன்று. கேட்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒருத்தியைக் கேட்டு இன்னொருத்தியைக் கேட்காமல் இருப்பது அவரால் முடியாது. அதனால் தெருவிலும் கேட்பதை நிறுத்திவிட்டார். யார் வந்து எத்தனை கேட்டாலும் எடுத்துக் கொடுத்தார். ரோட்டில் யாரையும் நிறுத்தவில்லை. எதிர்வீட்டுக் கொடியில் துணி திருப்பிப் போடாமலே வெளுத்தது. விற்பனை நன்றாக இருந்தது, எனக்குச் சம்பளமும் கூடியது. ஆனாலும் கடைக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் தனம் வந்தாள். சண்டைக்குத் தயாராக மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, மூன்று நைட்டி வேண்டும் என்றாள். அக்கா மூன்றை எடுத்தார். என்னிடம் நீட்டினார். நான் பில் போட்டேன். தனம் போனைக் காட்டிப் பணம் அனுப்பினாள். மேஜைமேல் இருந்த ஸ்பீக்கர் பெட்டி ரூபாய் வந்ததைச் சொன்னது. அவள் போகவில்லை. பார்சலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். வாசல் வரை போனாள். திரும்பி வந்து பார்சலை மேஜைமேல் வைத்தாள்.

“எம்மேல ஒனக்கு இன்னாக்கா கோவம்?”

“கோவம் ஒண்ணுமில்லியே.”

“பின்ன இன்னாத்துக்கு யாருக்கோ தூக்கிக் குடுக்கறாப்பல குட்த்துட்ட? அன்னிக்கு மைக்குல பேசினேனே, அதுக்கா? சும்மா ஒரு வெளாட்டுக்குப் பேசினது. ரெண்டு மாசமா மாடிப் பக்கமே வரல. நான் செத்தனா கீறனான்னு கூட எட்டிப் பாக்கல.” கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. தனம் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா தடுமாறினார். “கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுருக்கேன்ட்டி. இந்தப் பிள்ளைங்க சோறுல்லா.”

“அது பெங்களூருக்கு. அவுங்க யாரோ எவுரோ. இந்தத் தெருவுக்கு யாரு கையெழுத்துப் போட்டா?”

கூடத்தில் மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அக்கா அந்தப் பக்கம் திரும்பாமலே நின்றார். பேபியம்மாதான் உள்ளேயிருந்து பேசினார்.

“கேளேன்க்கா. ஆர்டர் போனா போவட்டும்.”

அக்கா மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். “கையத் தூக்கு” என்றார். தனம் தூக்கினாள். அக்கா அக்குள் தையலை இழுத்துப் பார்த்தார், தோளைப் பார்த்தார், குனிந்து கீழ் மடிப்பைப் பார்த்தார். பார்த்து முடித்து மூன்றில் இரண்டைப் பார்சலிலிருந்து வெளியே எடுத்தார். தனம் குய்யோ முறையோ என்று கத்தினாள். தீபாவளி வருகிறது, தங்கச்சி கல்யாணம் வருகிறது, ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அரைமணி நேரம் சண்டை போட்டாள். அக்கா அசையவில்லை. இரண்டு நைட்டிக்கான பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் யாருக்கும் இது தெரியவில்லை, ஆர்டரும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்துவிட்டது. மறுநாள் நான் கடையைத் திறக்கப் போனபோது வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன். நைட்டி ஒன்றும் வேண்டாம், பழசை அக்காவிடம் சும்மா காட்டிவிட்டுப் போக வந்தோம் என்றார்கள்.